ஒரே நாளில் 95 செ.மீ.: அதிகனமழைக்குக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 946 மி.மீ. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. அன்று புயல் இல்லை. பெயர் சூட்டும் அளவுக்கு எதுவும் கடலில் உருவாகவில்லை. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி இருந்தது, அவ்வளவுதான்.

வானிலைத் தரவுகளைப் பார்க்கப் பழகும் பலரும் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். பெரிய மழைக்குப் பெரிய பெயர் வேண்டும் என்று தேடி, எதுவும் கிடைக்காதபோது "மேகவெடிப்பு" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதிகனமழையை விளக்க இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: மழை ஏன் அவ்வளவு வேகமாகப் பெய்தது? அது ஏன் நகராமல் அங்கேயே நின்றது? இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் விடுபடுகிறது. கீழே உள்ள வரிசை அதை விடாமல் பிடிப்பதற்காக அமைந்தது. காயல்பட்டினத்தையே மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தினசரி மழைப்பட்டியல். தானியங்கி மழைமானிகளின் மணிவாரி அளவு. ரேடார், செயற்கைக்கோள் படங்களின் தொடர். அருகில் உள்ள நிலையத்தின் வானிலை பலூன் தரவு. 850, 700, 500, 200 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மட்டங்களின் காற்று வரைபடங்கள். இவை தோராயமாகத் தரையிலிருந்து ஒன்றரை, மூன்று, ஆறு, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரங்கள். பழைய நிகழ்வு என்றால் ஐரோப்பிய வானிலை மையத்தின் 'ஈ.ஆர்.ஏ.5' மறுபகுப்பாய்வுத் தரவு (பழைய பதிவுகளைக் கணினி மாதிரியோடு சேர்த்து மீண்டும் உருவாக்கிய வானிலைக் கணக்கு) மணிவாரியாக இலவசமாகக் கிடைக்கும்.

ரேடார் படங்களை மழை பெய்யும்போதே சேமித்து வையுங்கள். பொதுத் தளங்களில் புதிய படம் வந்ததும் பழையது போய்விடும். மறுநாள் தேடினால் கிடைக்காது.

1. தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள்

நம் நாட்டில் மழைநாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. பட்டியலில் 18ஆம் தேதி என்று இருந்தால், அந்த மழையின் பெரும்பகுதி 17ஆம் தேதி பெய்திருக்கும். இதைக் கவனிக்காமல் 18ஆம் தேதி மாலைக் காற்று வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "காற்று பலவீனமாகத்தானே இருக்கிறது" என்று குழம்புபவர்கள் ஏராளம்.

காற்று வரைபடங்களும் பலூன் தரவும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். பொது நேரம் 0 மணிப் பலூன் நமக்கு அதிகாலை 5.30, 12 மணிப் பலூன் மாலை 5.30. இந்த மாற்றத்தை முதலிலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். பின்னால் வரும் எல்லா முடிவும் இதன்மேல் நிற்கிறது.

மழை அளவின் தரத்தையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6-இல் மிககனமழை, 204.5-இலிருந்து அதிகனமழை. மேகவெடிப்பு என்ற சொல்லுக்குத் தனி வரையறை இருக்கிறது: சிறிய பரப்பில் ஒரு மணி நேரத்தில் சுமார் 10 செ.மீ. மணிவாரிக் கணக்கு அதைக் காட்டாதவரை அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

வெள்ளத்தையும் இப்போதே தனியாக ஒதுக்கிவிடுங்கள். தாமிரபரணியில் எவ்வளவு நீர் போனது, எந்தக் குளம் உடைந்தது, அணை எப்போது திறந்தது என்பவை முக்கியமான கேள்விகள்தான். ஆனால் அவை மழை ஏன் பெய்தது என்பதற்கு விடை தராது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் சிக்கி நின்றதற்குக் காரணம் வெள்ளம். அந்த மழைக்குக் காரணம் வேறு தாளில் எழுத வேண்டியது.

2. மொத்த மழையை மணிக்கணக்காகப் பிரியுங்கள்

946 மி.மீ.யை 24-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 39 மி.மீ. இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். நல்ல கோடை இடிமழை ஒரு மணி நேரத்தில் இதைவிட அதிகமாகக்கூடக் கொட்டும். ஆகவே இங்கே வியப்பு வேகத்தில் மட்டும் இல்லை. அந்த வேகம் ஒரு நாள் முழுக்கச் சராசரியாக நீடித்ததில்தான் இருக்கிறது.

மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. மூன்று மணி நேரத்தில் கொட்டிய 30 செ.மீ.க்கும், இருபது மணி நேரம் சீராகப் பெய்த 30 செ.மீ.க்கும் காரணங்கள் வெவ்வேறு. முன்னதில் மேகத்தின் உக்கிரத்தைத் தேட வேண்டும். பின்னதில் அதைத் தொடர்ந்து ஊட்டிய காற்றைத் தேட வேண்டும். எதைத் தேடுவது என்று தெரிந்த பிறகுதான் வரைபடங்களைத் திறக்க வேண்டும்.

3. வானில் இருந்த நீரைக் கணக்கிடுங்கள்

ஓர் இடத்துக்கு நேர்மேலே, தரையிலிருந்து உச்சிவரை உள்ள நீராவி முழுவதும் மழையாக இறங்கினால் எவ்வளவு இருக்கும்? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடற்கரைக்குமேல், மிகவும் ஈரமான நாளில் இது 60 மி.மீ.யை ஒட்டி இருக்கும். பலூன் தரவுப் பக்கத்திலேயே இந்த எண் கொடுக்கப்பட்டிருக்கும்.

946-ஐ 60-ஆல் வகுங்கள். ஏறத்தாழ 16. தலைக்கு மேலே இருந்த நீர் முழுவதும் தீர்ந்து, மீண்டும் நிரம்பி, மீண்டும் தீர்ந்து, இப்படிப் பதினாறு முறை நடந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை.

இந்தச் சின்னக் கணக்குக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. "காற்றில் ஈரப்பதம் அதிகம், அதனால் மழை" என்ற விளக்கம் இங்கே உடைந்து போகிறது. இருந்த ஈரம் 6 செ.மீ.க்குத்தான் போதும். மீதி 89 செ.மீ. வெளியிலிருந்து வந்தது. எங்கிருந்து, எந்த வழியாக, எந்த வேகத்தில் என்பதே அடுத்த மூன்று படிகள்.

4. சுழற்சியின் மையத்தைக் குறித்து, ஊர் அதற்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள்

850 மட்ட வரைபடத்தில் சுழற்சியின் மையத்தைப் புள்ளியாக வையுங்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே தாழ்வுச் சுழற்சியின் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். எனவே மையத்துக்கு வடக்கே உள்ள ஊருக்குக் கிழக்கிலிருந்து காற்று வரும். நம் மீனவர்கள் கொண்டல் என்று சொல்லும் கீழைக்காற்று.

மையம் குமரிக்கடல் பக்கம் இருந்தால், அதன் வடபுறத்தில் இருப்பவை தூத்துக்குடியும் திருநெல்வேலியும். வங்கக்கடலில் இருந்து வரும் கீழைக்காற்று மன்னார் வளைகுடாவைக் கடந்து நேராக அந்தக் கரையில் மோதும். அன்று மையம் எங்கே இருந்தது என்பதைவிட, அதன் எந்தப் பக்கத்தில் கடல்காற்று கரையில் ஏறியது என்பதே மழையின் இடத்தைத் தீர்மானித்தது.

மையம் இருக்கும் இடத்தில்தான் மழை அதிகம் இருக்கும் என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. அதே மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயல் இதற்கு நல்ல பாடம். அது கரையைக் கடந்தது டிசம்பர் 5-இல், ஆந்திரத்தின் பாபட்லா அருகே. சென்னையை மூழ்கடித்த மழையோ அதற்கு முந்தைய 3, 4 தேதிகளில், புயல் கடலில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தபோதே பெய்தது. கரை கடக்கும் இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர் இத்தகைய மழையைத் தவறவிடுவார்.

5. ஈரம் எவ்வளவு உயரம்வரை இருக்கிறது என்று பாருங்கள்

தரையளவு ஈரப்பதம் போதாது. சென்னையில் மே மாதம் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும், மழை வராது. மேலே இரண்டு மூன்று கிலோமீட்டரில் வறண்ட காற்று மூடியிருக்கும். எழும்பும் மேகம் அந்த வறண்ட காற்றோடு கலந்து கரைந்துவிடும்.

பலூன் வரைபடத்தில் வெப்பநிலைக் கோடும் பனிநிலைக் கோடும் (எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீராவி துளியாகும் என்பதைக் காட்டுவது) 500 மட்டம்வரை ஒட்டியே போகிறதா என்று பாருங்கள். ஒட்டிப் போனால், அடியிலிருந்து ஆறு கிலோமீட்டர்வரை காற்று கிட்டத்தட்ட நிறைவுற்றிருக்கிறது. அப்போது எழும்பும் மேகம் வழியில் எதையும் இழக்காது. விழும் துளியும் வழியில் ஆவியாகாது.

6. காற்று எங்கே குவிந்தது?

என் பார்வையில் இதுவும் எட்டாவது படியும்தான் முழு வேலையின் முதுகெலும்பு. அவசரப்படாதீர்கள்.

ஈரக்காற்று ஓர் ஊரைக் கடந்து போவதால் மட்டும் மழை பெய்யாது. அது வேகம் குறைந்து தேங்க வேண்டும், அல்லது எதிர்க்காற்றோடு மோத வேண்டும். பக்கவாட்டில் போக இடமில்லாத காற்றுக்கு மேலே எழுவது ஒன்றே வழி. எழும் காற்று குளிரும். குளிர்ந்தால் நீராவி துளியாகும். காற்று குவிதல் என்று வானிலை அறிக்கைகளில் வருவது இதைத்தான்.

கடற்கரையில் இதற்கு இரண்டு காரணங்கள் எப்போதும் காத்திருக்கின்றன. ஒன்று உராய்வு. கடல்மேல் தடையின்றி வந்த காற்று, மரமும் கட்டடமும் மேடுபள்ளமும் உள்ள தரையைத் தொட்டதும் வேகம் குறைகிறது. பின்னால் வரும் காற்று முன்னதன்மேல் ஏறுகிறது. இரண்டு, இரவின் நிலக்காற்று. தரை குளிர்ந்த பின் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி மெல்லிய குளிர்காற்று நகரும். கீழைக்காற்று அதன்மேல் ஏறும். வடகிழக்குப் பருவத்தில் கரையோர ஊர்களில் நள்ளிரவு முதல் விடியற்காலைவரை மழை வலுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்கு இது முக்கியக் காரணம்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பாருங்கள். 60 மி.மீ. நீரைச் சுமந்துகொண்டு மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் காற்று கரைக்கு வருகிறது. அதில் பாதி நீர், கரையிலிருந்து 30 கி.மீ. தூரத்துக்குள் மழையாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 36-ஆல் பெருக்கி, பாதியாக்கி, 30-ஆல் வகுத்தால் மணிக்கு 36 மி.மீ. இரண்டாம் படியில் வந்த 39-க்கு மிக அருகில். சூறாவளியே இல்லாமல், நல்ல கீழைக்காற்றும் சரியான குவிதலும் மட்டுமே 95 செ.மீ.யைத் தர முடியும் என்பதை இந்தக் கணக்கு கண்முன் நிறுத்துகிறது. தொடர்ந்து வீச வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மறுபகுப்பாய்வுத் தரவின் ஒரு கட்டம் சுமார் 31 கி.மீ. அகலம். காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே பத்து கிலோமீட்டர்கூட இல்லை. மழையிலோ 26 செ.மீ. வித்தியாசம். அந்த வித்தியாசத்தை இந்தத் தரவில் தேடாதீர்கள். வட்டாரம் ஏன் நனைந்தது என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

7. மேகத்தின் குணத்தைப் பாருங்கள், உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள்

அகச்சிவப்புச் செயற்கைக்கோள் படத்தில் மிகவும் குளிர்ந்த உச்சிகள் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். சிவப்பு இருக்கும் இடத்தில்தான் மழை அதிகம் என்று முடிவெடுக்கக் கூடாது. உச்சியின் குளிர், மேகம் எவ்வளவு உயரம் போனது என்று சொல்கிறது. எவ்வளவு நீர் இறக்கியது என்று சொல்வதில்லை.

நம் பகுதியில் உறைநிலை மட்டம் சுமார் 5 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. மேகத்தின் அடி சில நூறு மீட்டரிலேயே தொடங்கினால், நாலரை கிலோமீட்டர் அளவுக்குப் பனிக்கட்டியே இல்லாத வெதுவெதுப்பான பகுதி கிடைக்கும். அங்கே சிறு துளிகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டி வேகமாகப் பெரிதாகும். இடி மின்னல் குறைவாக இருந்தும் மழை விடாமல் கொட்டுவது இப்படித்தான்.

கோடை இடிமழையைப் பார்த்துப் பழகியவர்கள் நிலையின்மை ஆற்றல் (மேகத்தை மேலே தள்ளக் காற்றில் இருக்கும் ஆற்றல்) கிலோவுக்குப் பல ஆயிரம் ஜூல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பருவமழைக்கால அதிகனமழையில் அது நடுத்தரமாகவே இருப்பது வழக்கம். வறண்ட காற்று குறுக்கிடாததால் மேகத்தின் அடியில் பலத்த குளிர்காற்று கீழிறங்காது. மேகம் தன் அடியையே தானே வெட்டிக்கொள்ளாது. நீண்ட நேரம் வாழும்.

ரேடார் விஷயத்தில் தென்கோடி மாவட்டங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. திருவனந்தபுரம் ரேடாரிலிருந்து காயல்பட்டினம் சுமார் 130 கி.மீ. நடுவே 1,868 மீட்டர் உயர அகத்தியமலை உட்பட மேற்குத்தொடர்ச்சி மலை நிற்கிறது. மலையே இல்லாவிட்டாலும், அவ்வளவு தூரத்தில் கதிர் தரையிலிருந்து இரண்டு கி.மீ. மேலே போய்விடும். துளிகள் பெரிதாகும் அடிப்பகுதியை அது பார்ப்பதே இல்லை. காரைக்கால் ரேடார் இன்னும் வெகுதூரம். ஆகவே ரேடாரில் மிதமாகத் தெரிந்தது என்பதை வைத்து மழைமானியைச் சந்தேகிக்கக் கூடாது. இந்தப் பகுதியில் மழைமானிதான் மேல்.

200 மட்டத்தையும் ஒரு முறை பாருங்கள். கீழே குவிந்து எழுந்த காற்று மேலே விரிந்து வெளியேற வழி இருக்க வேண்டும். அம்புக்குறிகள் விரிந்து பிரிந்தால் போதும். இதற்குமேல் அங்கே நேரம் செலவிட வேண்டியதில்லை.

8. ஏன் நகரவில்லை?

இப்போது பிடிவாதமாகக் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு தளங்களில் விடை தேடுங்கள்.

முதலில் சுழற்சி. மையத்தின் இடத்தை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகள் நெருக்கமாக விழுந்தால் சுழற்சி தேங்கி நிற்கிறது. அதைத் தள்ளும் காற்று 700, 500 மட்டங்களில் பலவீனமாக இருக்கிறதா, இருபுறமும் உயரழுத்தம் எதிரெதிராக இழுக்கிறதா என்று பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், கரையேறிய பின்னும் பல மணி நேரம் அதே இடத்தில் நின்றது. மறுநாள் காலைப் பட்டியலில் மயிலத்தில் 51 செ.மீ. அது அதிவேகப் புயல் இல்லை; நின்றதுதான் அதன் வலிமை.

பிறகு மேகங்கள். ஒவ்வொரு மேகமும் காற்றோடு நகரத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று நகர்ந்து போகும் வேகத்திலேயே அதற்குப் பின்னால் காற்றுவரும் திசையில் புதியது பிறந்தால், மழை மட்டும் அங்கேயே இருக்கும். ஒரே தண்டவாளத்தில் அடுத்தடுத்து ரயில் வருவதுபோல, ஒரே கோட்டில் இருக்கும் ஊர்கள்மீது மேகங்கள் வரிசையாகக் கடந்து போகும். 2015 டிசம்பர் 1-இல் சென்னையின் தெற்கிலும் புறநகரிலும் இதுபோலத்தான் கடலிலிருந்து மேகங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., நுங்கம்பாக்கத்திலோ 29 செ.மீ.

இதைக் கண்டுபிடிக்கத் தனிப் படம் போதாது. படத்தொடரை ஓட்டி, ஒரு மேகத்தின்மேல் விரலை வைத்துப் பின்தொடருங்கள். பிறகு மழைப்பகுதியின் பின்விளிம்பைப் பின்தொடருங்கள். மேகம் நகர்ந்து, விளிம்பு நகராமல் இருந்தால் உங்கள் விடை கிடைத்துவிட்டது.

9. மலையின் பங்கைத் தனியாக நிறுங்கள்

மலைச்சரிவு காற்றை மேலே தள்ளும், மழை கூடும். 2023 டிசம்பர் 18 பட்டியலில், திருநெல்வேலி மாவட்ட மலையில் உள்ள மாஞ்சோலையில் 55 செ.மீ. பதிவாகியிருக்கிறது. அந்த மலையின் காக்காச்சியில் 1992-இல் ஒரே நாளில் 96.5 செ.மீ. பெய்த வரலாறும் உண்டு.

ஆனால் 2023 பட்டியலின் உச்சி மலையில் இல்லை. கடலோரச் சமவெளியில் இருக்கிறது. மலையே முதன்மைக் காரணமாக இருந்திருந்தால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஆக, அன்று மாஞ்சோலை மழைக்கு மலை துணைநின்றது. காயல்பட்டின மழைக்குக் கரையோரக் குவிதல்தான் முதன்மை. ஒரே நாள், ஒரே சுழற்சி, இரண்டு ஊர்களுக்கு இரண்டு விளக்கம். இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதுவது தவறு.

10. எல் நினோவைக் கடைசியில் கொண்டுவாருங்கள்

2015, 2023 இரண்டுமே எல் நினோ (பசிபிக் கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) ஆண்டுகள். எல் நினோ ஆண்டுகளில் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை கூடுதலாக இருக்கும் போக்கு உண்டு. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். வெப்பமாகும் கடலும் காற்றும் கனமழையின் அளவை உயர்த்துகின்றன. இவை உண்மை, கவலைக்குரிய உண்மை.

ஆனாலும் இவற்றை முதலில் எழுதினால் வேலை அங்கேயே நின்றுபோகும். எல் நினோ பல மாதங்கள் நீடிக்கிறது; மழையோ ஒரு நாள், ஒரு கரையில் பெய்தது. பின்புலம் வாய்ப்பைக் கூட்டும். நாளையும் ஊரையும் தேர்ந்தெடுப்பது நான்கு முதல் எட்டுவரை உள்ள படிகளில் பார்த்தவை.

11. இரண்டு வரியில் எழுதி, பக்கத்து ஊரை வைத்துச் சோதியுங்கள்

இப்போது எழுதுங்கள். மாதிரி: "குமரிக்கடல் பகுதியில் மெதுவாக நகர்ந்த சுழற்சியின் வடபுறத்தில், ஆழமான ஈரத்தோடு வந்த கீழைக்காற்று தூத்துக்குடிக் கரையில் குவிந்து எழுந்தது. சுழற்சி இடம் மாறாததால் குவிதலும் ஒரு நாள் முழுக்க அதே வட்டாரத்தில் நீடித்தது."

இதில் உள்ள ஒவ்வொரு காரணத்தையும் எடுத்துவிட்டு, மழை எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். சுழற்சி வேகமாக நகர்ந்து, ஆறு மணி நேரம் மட்டும் அந்தக் கரையைத் தொட்டிருந்தால் 946-க்குப் பதில் சுமார் 240 மி.மீ. அதுவும் அதிகனமழைதான், ஆனால் அந்த நாளின் கதையே வேறாக இருந்திருக்கும். எடுத்தாலும் ஒன்றும் மாறாத சொல் இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் விளக்கம் குறைவாகப் பெய்த ஊருக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மும்பையில் 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் 944 மி.மீ.; அதே நகரின் கொலாபாவில் 7 செ.மீ. சொச்சம்தான். அரபிக்கடல் ஈரம், தென்மேற்குப் பருவக்காற்று என்று மட்டும் எழுதினால் அது இரண்டு இடத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். அதனால் இரண்டில் எதையும் விளக்காது. சாந்தாகுரூசுக்குப் பொருந்தி, கொலாபாவுக்குப் பொருந்தாத ஒன்று அந்த விளக்கத்தில் இருந்தாக வேண்டும்.

பயிற்சிக்கு ஃபெஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். மயிலத்தில் 51 செ.மீ. பெய்த மறுநாள், வலுவிழந்த அதே அமைப்பு கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. கரையோர உராய்வு அங்கே இல்லை. நான்காம் படியிலிருந்து தொடங்கி இரண்டு ஊர்களுக்கும் தனித்தனித் தாளில் காரணம் எழுதிப் பாருங்கள். எட்டாம் படியில் இரண்டு தாள்களும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.